காம்பு கிள்ளிய கை

"முன்வாசல் வழியா ஏன் வந்தே? பின் சந்து எங்க போச்சு?" மீனாச்சி போட்ட சத்தத்தில் அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அஞ்சலை அசையவில்லை. பதினோரு வருஷம் அந்தப் பின் சந்தில்தான் வந்தாள். சுவரடியில் இருந்த தகரக் கதவைத் தூக்கி, இந்த வீட்டு மலவாளியை எடுத்துப் போனாள். அவளிடம் இங்கே யாரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் காஜா பெராங் ஊரில் வாளிக் கக்கூஸ்களை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கக்கூஸ். நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? வாளி தூக்கியவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கும் நகரசபை ஒரு திட்டம் போட்டது. புதுக் கக்கூஸ் கட்டக் குத்தகை எடுத்த ஒவ்வொரு முதலாளியும், வேலை போன ஒருவரைத் தன் தொழிலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால், சபை கொடுத்த லயத்து வரிசை வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

மீனாச்சியின் கணவர், மசாலா மில் கலியாணசுந்தரம், பாதி ஊருக்குக் குத்தகை எடுத்தவர். "மனிதன் மலத்தை மனிதன் சுமக்கும் இழிவு ஒழிந்தது!" என்று கழுத்து நிறைய மாலையோடு மேடையில் முழங்கியவர். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

கடைக்குள் நின்றிருந்த அவரிடம் அஞ்சலை கடிதத்தை நீட்டினாள். "நாளைக்குக் கடைசி நாள், மொதலாளி. கையெழுத்துப் போட்டீங்கன்னா புள்ளைங்களோட வீட்டுல இருந்துக்குவேன். மொளகா காம்பு கிள்ற வேலை குடுங்க."

அவர் கடிதத்தை வாங்கவில்லை. "இது சாப்பிடற சாமான், அஞ்சலை. நீ தொட்டா எவன் வாங்குவான்? வேணும்னா எங்க புதுக் கக்கூஸைக் கழுவிட்டுப் போ. அதுக்குக் கையெழுத்தெல்லாம் கேக்காத."

இழிவு ஒழிந்துவிட்டதாம்! வாளி போய்விட்டது, அவள் கை மட்டும் இன்னும் வாளியாகவே இருக்கிறதாம். இவரைச் செருப்பால் அடித்தால் செருப்புக்குத்தான் கேவலம்.

அஞ்சலை குனிந்தாள். காலில் விழப்போகிறாள் என்று நினைத்து அவர் அவசரமாகப் பின்னால் நகர்ந்தார். அவளோ காம்பு கிள்ளப் போட்டிருந்த முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்துச் சாக்கில் முழங்கை வரை கையை விட்டு மிளகாயை அள்ளினாள். மளமளவென்று காம்பைக் கிள்ளி, திரும்பச் சாக்கிலேயே போட்டாள்.

"ஐயையோ!" மீனாச்சி தலையில் கை வைத்தாள். "என்னங்க, சாக்கோட கொண்டுபோய் ஆத்துல கொட்டுங்க!"

"கொட்டறதா? நூறு கட்டி எடை மொளகா! உனக்கென்ன பைத்தியமா?" கலியாணசுந்தரம் தெருவைப் பார்த்தார். அடுத்த கடைக்காரர் உள்ளே போயிருந்தார். முதலாளியின் குரல் தாழ்ந்தது. "எவனும் பாக்கல. அரைச்சுட்டா என்ன தெரியப் போவுது?"

"நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றாள் அஞ்சலை. "தீட்டுன்னா ஆத்துல கொட்டுங்க. இல்லேன்னா கையெழுத்துப் போடுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கைத் தானே இழுத்துப் போய் மில்லில் கொட்டினார். இயந்திரம் இரைந்தது. மூவருக்கும் ஒரே நெடிதான் ஏறியது, மூவரும்தான் தும்மினார்கள்.

அஞ்சலை எழுந்திருக்கவில்லை. கடிதத்தை விரித்து முறத்தின் பக்கத்தில் வைத்தாள். அது பறந்துவிடாமல் மேலே ஒரு பிடி மிளகாயை வைத்தாள். பிறகு அடுத்த சாக்கின் வாயைப் பிரித்தாள்.