ஆறு புள்ளி மூன்று

2008 ஆடி, இரண்டாம் வெள்ளி, பகல் இரண்டு மணிச் சங்கு. அது ஊதி ஓய்வதற்குள் விஜயகுமார் லேத் பட்டறைக்குள் நுழைந்து ஷட்டரை இறக்கிவிட்டான்.

உள்ளே ஆண்டி மட்டும்தான் இருந்தான். பட்டறையின் டர்னர். விஜயகுமாரின் மனைவி குணசுந்தரிக்குத் தம்பி.

"வா மாமா. சாப்ட்டியா?"

விஜயகுமார் பையிலிருந்து ஒரு உலோகக் குழலை எடுத்து அவன் வாயில் அடித்தான்.

பம்பின் தண்டில் மாட்டும் ஸ்லீவ் அது. கசிவை அடைக்கும் சீலின் ரப்பர் அதன்மேல்தான் உட்கார வேண்டும். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஜெர்மன் ஆசிட் பம்புக்கு ஆண்டி கடைந்து கொடுத்தான். மாட்டிய மறுநாளே அது ரப்பரை அரம்போலத் தின்றுவிட்டது. ஆசிட் பீய்ச்சியபோது முன்னால் குனிந்திருந்தவன் விஜயகுமாரின் தம்பி வினோத்குமார். அங்கே ஃபிட்டர். இப்போது சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஒரு கண் போய்விட்டது. மற்றதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்வதில்லை. உதடுகள் வெந்து ஒட்டியிருந்தன; பேச்சில்லை.

ஆண்டி ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான்.

"மீட்டர வெச்சிப் பாரு மாமா. சொன்ன நம்பர்தான்."

விஜயகுமார் வேறொரு கம்பெனியில் தரம் பார்க்கிறவன். சொரசொரப்பை அளக்கும் மீட்டரும் பையில் இருந்தது. ஸ்லீவைப் பெஞ்சில் வைத்து ஊசியை ஓட்டினான். ஆர்ஏ, 6.2.

"பாத்தியா? சிக்ஸ் பாயின்ட் த்ரீக்குள்ளதான இருக்குது."

விஜயகுமார் பட்டனை மாற்றி அழுத்தினான். ஆர்இசட், 27.

"ஜெர்மன்காரன் டிராயிங்ல ஆர்இசட்டுடா சிக்ஸ் பாயின்ட் த்ரீ, நாயே."

ஆண்டி விழித்தான். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வெறும் எண்ணைச் சொன்னால் அது ஆர்ஏதான், மேடுபள்ளங்களின் சராசரி. ஜெர்மன்காரன் உச்சி மேட்டிலிருந்து அடிப்பள்ளம் வரை அளக்கிறான். எண் ஒன்றுதான். சொரசொரப்பு நாலு மடங்கு.

விஜயகுமார் பம்பிலிருந்து கழற்றிய பழைய ஜெர்மன் ஸ்லீவையும் எடுத்தான். ஆண்டியின் கட்டைவிரலைப் பிடித்து நகத்தை அதன்மேல் இழுத்தான். சத்தமில்லை. ஆண்டி கடைந்ததன்மேல் இழுத்தான். கர்ரென்றது. அழுத்தி மறுபடி இழுத்தான். மறுபடி. நகம் பெயர்ந்து தொங்கியது.

"டிராயிங்கப் பாத்தியா, இல்லியா?"

"டிராயிங் வரல. பம்பு நிக்குது, ஷட்டவுனு, அவசரம்னு போன்ல சொன்னாங்க."

"எவன் சொன்னான்?"

ஆண்டி தொங்கிய நகத்தைப் பிய்த்தெறிந்தான்.

வெளியே ஷட்டர் அதிர்ந்தது. குணசுந்தரியின் குரல். "யோவ், தொறய்யா! எந்தம்பி மேல கைய வெச்ச, ஒன்ன அறுத்துப்புடுவன்!"

விஜயகுமார் சுத்தியலை எடுத்து ஆண்டியின் சுண்டுவிரலில் இறக்கினான்.

"எவன்?"

அடுத்த விரல்.

"கம்பெனிக்காரன் காரு போட்டுக்கினு வந்து கேட்டான்," ஆண்டி மூச்சுவிட்டுவிட்டுச் சொன்னான். "அவங்கிட்டயே சொல்லல. ஒங்கிட்டயா சொல்லுவன்?"

விஜயகுமார் லேத்தை ஓடவிட்டான். ஆண்டியைக் கழுத்தில் பிடித்துச் சாய்த்து, அவன் வலது கையை, இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக்கின் பக்கம் தள்ளினான்.

"பேரச் சொல்லு. அவன் கைய இதுல வெக்கிறன். இல்லன்னா ஒன் கை."

சக்கின் காற்று விரல்களில் பட்டது. நசுங்கிய விரல்களின் ரத்தம் சிதறி இருவர் முகத்திலும் தெறித்தது.

"வினோத்து!"

விஜயகுமாரின் பிடி அப்படியே நின்றது.

"வினோத்துதான் போன் பண்ணான். நம்பர மட்டும்தான் சொன்னான். தெரிஞ்சிச்சின்னா கம்பெனில அவம்மேலயே பழியப் போட்டு, படுத்த படுக்கையிலயே வேலய உட்டுத் தூக்கிடுவானுங்க."

குணசுந்தரி ஷட்டரைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தாள். லேத் ஓடியது. கழுத்திலிருந்த பிடி தளர்ந்தது. ஆண்டி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சொல்லு மாமா. இப்ப யாரு கைய வெக்கலாம்?"