மினுங்கும் பக்கம்

சிவசங்கரி அந்த டிஸ்க்கைத் தூக்கிய விதமே செந்தாமரைக்குப் பிடிக்கவில்லை. நடுத்துளையில் ஒரு விரல், விளிம்பில் ஒரு விரல், மற்றபடி எங்கும் படாமல். அதைவிட, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த தன் புருஷன் தனசேகரனின் முகம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கல்யாணமான புதிதில் அந்த முகம் அவளைத்தான் அப்படிப் பார்க்கும்.

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவர்களுடைய ஸ்டுடியோ. படம் பிடிப்பது தனசேகரன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டிப் பார்க்கும்படி ஆக்குவது செந்தாமரை. 'இது உன்ன வுட்டா யாருக்கும் வராது' என்று அவன் சொல்லாத நாள் கிடையாது. கல்யாணப் படங்களை அவரவர் வாங்கிப் போய்விடுவார்கள். ஆனால் மலையில் ஊர் ஊராக எடுத்த திருவிழாப் படங்கள் கடையில் இருந்த ஹார்டு டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. அது ஆவணியில் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும், தனசேகரன் திருப்பத்தூருக்குப் போன் போட்டான். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சிவசங்கரி அவனுக்கு அத்தை மகள். அவன் மலையேறி வந்து செந்தாமரையைக் கட்டிக்கொள்வதற்கு முன்பு, வீட்டில் அவனுக்கென்று பேசி வைத்திருந்த பெண். பூஜை லீவுக்கு, டிஸ்க்கில் எழுதும் மெஷினைப் பையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். வந்ததும் செந்தாமரையின் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"பழைய டிவிடில எழுதறது செவப்பு ஒளி மாமா. அது இவ்ளோ சின்னதா குவியாது. இது நீல ஒளி. மார்க்கர்ல எழுதற எடத்துல ஊசி முனையால எழுதனா எவ்ளோ புடிக்கும்? அவ்ளோ புடிக்கும். அதோட இதுல மூணு அடுக்கு. லென்ஸ நவுத்தி, மேல் அடுக்கத் தாண்டி உள்ள குவிச்சு எழுதும்."

"அப்ப மேல இருக்கிறது அழிஞ்சிடாதா?"

"குவியாத எடத்துல சூடு பத்தாது. குவியற எடத்துலதான் புள்ளி வுழும். அந்தப் புள்ளிதான் எழுத்து."

டீ டம்ளருடன் கதவோரம் நின்ற செந்தாமரைக்குச் சூடு எங்கே பற்றுகிறது என்று நன்றாகவே தெரிந்தது. போகவும் மனம் வரவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க மாமா. டிவிடில எழுத்து நடு ஆழத்துல இருக்கும். இதுல மினுங்கற பக்கத்துல, முடி கனத்துக்குக் கீழயே ஆரம்பிச்சுடும். மேல கெட்டிப் பூச்சு இருக்குதுதான். ஆனா பொடி கிடி பட்டுத் தேய்ச்சா தாங்காது. பேர் எழுதற பக்கம் அவ்ளோ பயமில்ல."

"சங்கரி, இதெல்லாம் உன்ன வுட்டா யாருக்கும் வராது" என்றான் தனசேகரன்.

செந்தாமரை டீயைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள்.

திருவிழாக்கள் மொத்தமும் அந்த ஒரே டிஸ்க்கில் ஏறின. ஏறி முடித்த மறுநாள் ஹார்டு டிஸ்க் மூச்சை நிறுத்திவிட்டது. இன்னொரு பிரதி எடுக்கப் புது டிஸ்க் திருப்பத்தூரிலிருந்து வரவேண்டும். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

கடையைக் கழுவி, கேமரா, ஸ்டாண்டு, கீபோர்டு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது செந்தாமரையின் வேலை. டிவிடி காலத்திலும் வைத்திருக்கிறாள்; துளையைச் சுற்றி எழுத்தில்லாத வளையத்தில் சின்னதாக ஒரு பொட்டு. மற்ற இருவரும் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போயிருந்தார்கள். அவள் கையில் டிஸ்க். மினுங்கும் பக்கம் மேலே. கட்டை விரலில் ஈரச் சந்தனம்.

படம் வராமல் போனால் சிவசங்கரியின் நீல ஒளி நாறிப்போகும். சாயங்கால பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவாள். நாற்காலி காலியாகும். பூஜையன்று பொட்டு வைத்தவளை யார் குறை சொல்வார்கள்?

விளிம்பை ஒட்டி அழுத்தி வைத்தாள். அதன் மேல் குங்குமமும் வைத்தாள்.

வைத்த பிறகுதான் அந்தப் பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது உறைத்தது. சாமி ஊர்வலத்தில் மேளக்காரர் தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே மேளத்தை அடித்துக்கொண்டு எழுந்தது. அதை வெட்டிவிடச் சொன்ன தனசேகரனோடு சண்டை போட்டு வைத்தவள் அவள்தான். இராத் தூக்கம் கெட்டு அவள் சேர்த்ததெல்லாம் அங்கேதான் இருந்தது. முந்தானையை எடுத்து, தட்டுத் துடைப்பது போலச் சுற்றிச் சுற்றித் தேய்க்கத் தொடங்கினாள்.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"சுத்தித் தொடைக்காதீங்கக்கா."

சிவசங்கரி டிஸ்க்கை வாங்கிக் குங்குமப் பொடியை ஊதினாள். லென்ஸ் துணியை ஈரமாக்கி, துளையிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாக இழுத்தாள். "எழுத்து வட்டமா ஓடுது. குறுக்க கீறல் வுழுந்தா மெஷின் மிச்சத்த வச்சு சரி பண்ணிக்கும். எழுத்து போற போக்குலயே கீறனா மொத்தமா போயிடும்." பிறகு குரலைத் தணித்தாள். "அன்னிக்கு டீயோட நின்னு எல்லாத்தையும் கேட்டீங்களேக்கா."

செந்தாமரை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தத் துடைப்பிலும் ஒரு நேர்த்தி இருந்தது. அந்த நிலையிலும் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

குங்குமக் கையோடு தனசேகரன் உள்ளே வந்தான். "இன்னா ஆச்சு?"

"பொட்டு வச்சோம் மாமா" என்றாள் சிவசங்கரி. வைத்தோம் என்றாள். காட்டிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. "நீங்க ஒக்காருங்கக்கா. ஒங்க படம், நீங்களே போட்டுப் பாருங்க."

செந்தாமரை தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். டிஸ்க் உள்ளே போனது. மெஷின் விர்ரென்று சுற்றி, தயங்கி, மறுபடி சுற்றியது. சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது. மவுஸின் மேல் இருந்த கட்டை விரலில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. திரையில் இன்னும் எதுவும் வரவில்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடியில், அவள் தலைக்குப் பின்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு தனசேகரனும் சிவசங்கரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தெரிந்தது.