மீதம் வைத்த நுரை

மார்ச் மாதத்தின் கடைசி வாரம். காலையில் நான் வந்தபோது லோகு ஸ்டோரைத் திறந்து ஃபோம் கேன்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். மணிகண்டனும் ஸ்டீவனும் கைமாற்றிக் கொடுத்து வண்டிக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை ஷோ." லோகு திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லா கேனுமா?"

"எல்லாந்தான். மீதி வெக்கக் கூடாது மேடம். இன்னா, உங்க காலேஜ்ல சொல்லித் தரலியா?"

ஸ்டீவன் சிரித்தான்.

எங்களுடையது அரசு நிலையம் அல்ல. கும்மிடிப்பூண்டிக்கு வெளியே பெயின்ட், தின்னர், பிசின் செய்கிற சிறு கம்பெனிகள் சந்தா போட்டு நடத்தும் தீயணைப்பு மையம். ஒரு பழைய வண்டி, ஷிஃப்ட் ஆட்கள், ஓர் அலுவலர். அலுவலர் நான். பி.எஸ்சி. வேதியியலும் தீத்தடுப்பில் ஒரு டிப்ளமோவும் படித்துவிட்டுச் சேர்ந்திருந்தேன். என் வேலை நிரந்தரமாவது ஏப்ரல் கமிட்டியில்தான் முடிவாகும்.

எரிகிற தின்னர் மேல் தண்ணீர் அடித்தால் தின்னர் மிதந்து பரவும். ஃபோமைத் தண்ணீரில் கலந்து அடித்தால் அது நுரையாகி எண்ணெய்மேல் போர்வை போலப் படியும். தீ மூச்சடைத்து அணையும். எங்கள் வண்டியில் செலவு அதிகமான பொருள் அதுதான். ஒரு வருடத்தில் மீதி இருந்தால், தேவைக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி அடுத்த வருடத்துக்குப் பாதியாக வெட்டுவார் பொருளாளர். அதனால் மார்ச் கடைசியில் மையத்துக்குப் பின்னாலுள்ள கிரவுண்டில் ஷோ நடத்துவார்கள். ஓர் இரும்புத் தட்டில் நெருப்பு வைத்து அணைத்துக் காட்டுவார்கள். பிறகு மிச்சமிருக்கிற ஃபோம் முழுவதையும் தரையில் அடித்துத் தீர்ப்பார்கள். இருப்பு பூஜ்யம். அடுத்த வருடத்துக்கு முழு ஒதுக்கீடு.

புது ஃபோம் வந்து சேர மே மாதம் முடிந்துவிடும். அதுவரை, தின்னர் டிரம்கள் வெயிலில் நிற்கும் நாட்களில், எங்கள் வண்டியில் வெறும் தண்ணீர்.

"உள்ள வைங்க" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

லோகு கேனைக் கீழே வைத்தார். மையத்தில் மூத்தவர் அவர். டிரைவரும் குழுத் தலைவரும் அவரே.

"இத்தினி வருசமா இதைச் செஞ்சிகினு கீறோமே, நாங்க இன்னா முட்டாளா? மீதி காட்டினா அந்தாளு பாதியா வெட்டுவான். வெட்டிட்டா அடுத்த வருசம் நெருப்பு மேல இன்னாத்தப் போடுவ? உன் துப்பட்டாவையா?"

"நான் பொருளாளர்கிட்ட பேசறேன்."

"பேசு, பேசு. உன்னப் பாத்து ஜன்னல் வழியா குதிச்சி ஓடிருவாரு."

"ஷோ இல்லன்னா டபுள் ஓ.டி. இல்ல, பிரியாணி இல்ல" என்றான் ஸ்டீவன். "ஊட்ல இன்னான்னு சொல்றது மேடம்?"

கேன்கள் உள்ளே போயின. ஒவ்வொன்றையும் தரையில் இடித்து வைத்தார்கள். நான் ஸ்டோரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பொருளாளர் அரசப்பனுக்குச் சொந்தமாக ஒரு பெயின்ட் கம்பெனி இருக்கிறது. அவருடைய அறையில் எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பேசினேன். ஃபோமை வருடச் செலவில் சேர்க்கக் கூடாது, வண்டியைப் போல எப்போதும் இருப்பில் இருக்க வேண்டிய பொருள் அது என்றேன். ஷோவை நிறுத்தினால் ஷாமியானா, சாப்பாடு, நினைவுப் பரிசு என்று போகிற பணத்தில் ஆட்களின் ஓ.டி.யைக் குறைக்காமல் கொடுக்கலாம் என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"முடிச்சிட்டேன் சார்."

"நீ சொல்றது புக்குல நல்லாருக்கும். ஒருத்தன் இன்னாத்துக்குச் சந்தா கட்டறான்? கண்ணால பாக்கறான், அதுக்கு. பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து ஒக்காந்து, நெருப்பு எரிஞ்சி அணையறதப் பாக்கறான். பூட்டி வெச்ச கேனைக் காட்டி நான் டப்பு வசூல் பண்ண முடியுமா?"

"நெஜமா புடிச்சிகிச்சின்னா..."

"கவர்மென்ட் வண்டி வரும்." அவர் போனைக் கையில் எடுத்தார். "உன்ன ஏன் எடுத்தோம் தெரியுமா? ரிடையர் ஆன ஆபீசர் கேட்ட சம்பளத்துல பாதிதான் நீ கேட்ட. மிச்சம் புடிச்சதுலதான் ஷாமியானாவே. ஷோ நடக்கணும். நடந்தா கமிட்டில உன் பேரு கன்ஃபர்ம். நடக்கலன்னா உங்க ஊரு சோழவரத்துலயே டியூஷன் எடுத்துகினு இரு."

அன்று மாலை பஸ்ஸுக்கு நின்றிருந்த இடத்துக்கு எதிரில் லாரிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டிரைலர் முழுக்க வெள்ளை நுரை வழிந்து சாக்கடைக்குப் போனது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஃபோமுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. சாலையைக் கடந்து போய், அந்த சோப் ஆயில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன்.

மறுநாள் நான் வாங்கி வந்த சோப் ஆயில் டிரம்மைப் பார்த்ததும் லோகுவுக்கு முகம் மாறிவிட்டது.

"தட்டுல நெருப்பு வேண்டாம்" என்றேன். "சும்மா நுரைய உயரமா அடிச்சிக் காட்டுங்க. போதும்."

"லாரி கழுவற சோப்பையா?"

"பாக்கறதுக்கு ஒண்ணுதான்."

"நான் யூனிஃபார்ம் போட்டுகினு, பெல்ட்டு கட்டிகினு, ஜனங்க முன்னாடி சோப்பு அடிக்கணும். அதான?"

"நீங்க நல்ல ஃபோமை மண்ணுல ஊத்தறீங்களே லோகுண்ணா."

"ஊத்தறேன். ஆனா நெஜத்த ஊத்தறேன். யாரையும் ஏமாத்தல." அருகே வந்தார். "அண்ணா நொண்ணான்னு கூப்புடாத. பேஜாரா கீது."

அதன்பின் என்னிடம் யாரும் பேசவில்லை. டீ வாங்கி வந்தபோது என் கிளாஸ் மட்டும் இல்லை.

சனிக்கிழமை கிரவுண்டில் ஷாமியானா நிறையக் கம்பெனிக் குடும்பங்கள். முன்வரிசையில் ஒரு வங்கி அதிகாரியும், மாலையோடு அரசப்பனும். வண்டியின் குழாயை சோப் ஆயில் டிரம்முக்குள் விட்டுவிட்டு நான் நிமிர்ந்தபோது, மைதானத்தின் நடுவில் இரும்புத் தட்டு இருந்தது. பெட்ரோல் வாடை அடித்தது. லோகு பந்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஓடிப் போனேன். "தட்டு வேண்டாம்னு சொன்னேன்ல?"

"தெரியட்டும்" என்றார், மெதுவாக. "நீ இன்னா வாங்கி வெச்சிருக்கேன்னு எல்லாத்துக்கும் தெரியட்டும்."

பந்தம் விழுந்தது. தீ எழும்பியது. கூட்டம் கைதட்டியது. ஸ்டீவன் நுரையை அடித்தான். வெள்ளையாகப் போய் விழுந்து தீயை மூடியது. மறுபடி கைதட்டல். பிறகு ஓர் ஓரத்தில் நுரை கிழிந்து தீ வெளியே வந்தது. அங்கே அடித்தான். இந்த ஓரத்தில் கிழிந்தது. கொஞ்ச நேரத்தில் நுரை முழுவதும் கரைந்து, தட்டு முன்னைவிட உயரமாக எரிந்தது. காற்று கறுப்புப் புகையை ஷாமியானாவுக்குள் தள்ளியது. நாற்காலிகள் விழுந்தன. குழந்தைகள் அழுதன.

"அணைங்கய்யா!" என்று அரசப்பன் கத்தினார்.

மணிகண்டன் என்னிடம் ஓடி வந்தான். "மேடம், சாவி! நல்லதுல ரெண்டு கேன் போதும். மானம் போவுது!"

சாவி என் கையில்தான் இருந்தது. தட்டைப் பார்த்தேன். சுற்றிலும் வெறும் மண். ஆட்கள் தள்ளி நின்றிருந்தார்கள். தட்டில் இருப்பது தீர்ந்தால் தீயும் தீரும்.

"வேணாம்" என்றேன். "எரியட்டும்."

புகைக்குப் பயந்து அறிவிப்பாளர் மைக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் அதை எடுத்தேன். மைக் கரகரத்தது.

"இப்ப அடிச்சது ஃபோம் இல்ல. லாரி கழுவற சோப்பு. நான்தான் வாங்கினேன்." யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். "நல்ல ஃபோம் உள்ள பூட்டி இருக்கு. வருஷா வருஷம் இந்த ஷோவுல அதை முழுசா அடிச்சித் தீத்துடுவோம். அப்புறம் மே முடியற வரைக்கும் உங்க கம்பெனில தீ புடிச்சா நாங்க வெறும் தண்ணியோடதான் வருவோம். இது ஒரு தட்டு. தானா அணைஞ்சிடும். உங்க டிரம்முங்க அணையாது."

அரசப்பன் வந்து மைக்கைப் பிடுங்கினார். "வாய மூடு. என் சோத்துல மண்ணப் போட்டியேடி" என்றார். மைக் அணைக்கப்படாததால் அது எல்லோருக்கும் கேட்டது.

தட்டு அணைந்தபோது பாதிப் பேர் போயிருந்தார்கள். பிரியாணி மிஞ்சியது. லோகு சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் கமிட்டியில் ஃபேன் சத்தத்தையும் மீறிக் கத்தினார்கள். இத்தனை வருடம் வெறும் தண்ணீருக்கா சந்தா கட்டினோம் என்று ஒரு தின்னர் கம்பெனிக்காரர் மேசையைத் தட்டினார். குடும்பத்தோடு கூப்பிட்டுப் புகையில் உட்கார வைத்தீர்கள் என்றார் இன்னொருவர். அரசப்பன் எல்லாவற்றுக்கும் என்னைக் கைகாட்டினார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் பட்ஜெட்டை அவரே வாசித்தார். ஃபோம் இனி நிரந்தர இருப்பு; வருடக் கணக்கில் மீதியாகச் சேராது; குறைந்த அளவு மட்டும் வாங்கி நிரப்பப்படும். ஷோ ரத்து. ஆட்களின் ஓ.டி.யில் கை வைக்கவில்லை. ஒவ்வொன்றும் அன்று அவர் அறையில் நான் சொன்னபடியே இருந்தது. நான் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நிரந்தர இருப்புக்குப் பணம் எங்கேந்து வரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அலுவலர் போஸ்ட்ட எடுத்துடறோம்" என்றார் அரசப்பன். "பொறுப்ப லோகுவே பாப்பாரு." பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தார். "நீ கேட்டதெல்லாம் குடுத்துட்டேன். சந்தோஷமா?"

யாரும் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைகள் உயர்ந்தன. பட்ஜெட் நிறைவேறியது.

மறுநாள் ஸ்டோரை ஒப்படைக்கப் போனேன். சாவியை நீட்டினேன். லோகு வாங்கவில்லை.

"மொதல்ல நான் பாக்கணும்" என்றார்.

"கேனை எண்ணிக்குங்க. சரியா இருக்கு."

"எண்றது இன்னா பெரிய வேலை? உள்ள இன்னா கீதோ? நீ சோப்பு வாங்கினவ." மணிகண்டனைக் கூப்பிட்டார். "இவ போனதுக்கப்புறம் ஒண்ணு கொறைஞ்சா என் தலையிலதான் வுடியும். எல்லாத்தையும் தொற."

முதல் கேனின் மூடியைத் திருகித் திறந்தார். மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்தார். விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். மூடினார். அடுத்ததை எடுத்தார். இதற்கு முன் ஃபோமை அவர் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. வெளியே என் பஸ் வந்து போகிற சத்தம் கேட்டது.

"நின்னுகினு இரு" என்றார் நிமிராமல். "கடைசி கேன் பாக்கற வரைக்கும் போகக் கூடாது."

நான் கதவருகே நின்றேன்.