ஹுய்யிங் குடிக்காத கஷாயம்

பிள்ளை உண்டாக மாமியார் காய்ச்சித் தந்த கஷாயத்தைக் கிண்ணத்தோடு மேசையிலேயே வைத்துவிட்டு, "இனிமே குடிக்க மாட்டேன் அத்தை," என்றாள் ஹுய்யிங்.

வட சீனாவின் ஹெபெய் சமவெளியில், புத்தாண்டுக்கு முந்தின நாள் மத்தியானம். கணவனின் பெரியப்பாவும் பங்காளிகளும் பன்றிக்கறிக் கொழுக்கட்டைக்காக உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் கிண்ணத்தை எடுத்து அவள் முகத்தில் வீசினாள். சூடான கஷாயம் கன்னத்தில் வழிந்தது. பீங்கான் விளிம்பு புருவத்தைக் கிழித்தது.

"முட்டை போடாத கோழிக்குக் கொழுப்பைப் பாரு. நாங்க செத்தா எங்க கல்லறையில காகிதப் பணம் கொளுத்திப் படைக்க ஒரு பிள்ளை உண்டா?"

கணவன் டெகுவாங் எழுந்து வந்தான். அவள் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். விழுந்தவளின் வயிற்றில் உதைத்தான். பெரியப்பா சோள மதுவை ஊற்றிக்கொண்டே, "வயித்துல உதைச்சா என்னடா, அங்கதான் ஒண்ணும் இல்லையே," என்றார். பங்காளிகள் சிரித்தார்கள்.

போன வசந்தத்தில் மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார்: குறை டெகுவாங்கிடம். திரும்பும் பஸ்ஸில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஊருக்குத் தெரிஞ்சா நான் தலைதூக்க முடியாது. உன்கிட்டதான் குறைன்னு சொல்லிக்கலாம். உன்னைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்." அவன்மேல் இருந்த பிரியத்தில் சம்மதித்தாள். ஆனால் தன் ரகசியம் தெரிந்தவள் வீட்டுக்குள் நடமாடுவதை அவனால் தாங்க முடியவில்லை. கோதுமை அறுவடைக்கு முன்பே அடிக்கத் தொடங்கிவிட்டான்.

"விட்டுத்தொலைடா," என்றாள் மாமியார். "பண்டிகை முடிஞ்சதும் விவாகரத்து. பாலத்துக்கு அந்தப் பக்கம் தச்சன் மகளைப் பேசியாச்சு."

ஹுய்யிங் சுவரைப் பிடித்து எழுந்தாள். "அவளுக்கும் இதே கஷாயம்தானா? பெரியப்பா, டாக்டர் யார்கிட்ட குறைன்னு சொன்னாருன்னு இவர்கிட்டயே கேளுங்க."

சிரிப்பு நின்றது. டெகுவாங் முக்காலியைத் தூக்கி அவள் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "பொய் சொல்றா," என்றான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமியார் அவளை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பதினேழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து, அவனுக்குக் கீழேயும் வீங்கிப்போச்சு. வைத்தியர் அப்பவே சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கு என்னைக் குடிக்க வச்சீங்க?"

"யாராவது ஒருத்தி குடிச்சாத்தானே ஊர் நம்பும்."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. ஹுய்யிங் நல்ல கையால் பின்கதவின் தாழை நீக்கினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"ரத்தத்தைக் கழுவிட்டாவது போடி."

"தச்சன் வீட்டுல போய்க் கழுவிக்கறேன், அத்தை," என்று சொல்லிவிட்டு, ஹுய்யிங் பாலத்தை நோக்கி நடந்தாள்.