ஆண்டவர் பெயருள்ள கல்லூரி

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரே தெருவில், எதிரெதிர் வீடுகளில் இருந்துகொண்டு ஜெபநேசனும் பேனாட்டும் கதைப்பதில்லை. காணி வழக்குமில்லை, குழம்பிய கலியாணப் பேச்சுமில்லை. எல்லாம் கணிதத்தால் வந்த வினை.

பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கணிதம் படிக்க விண்ணப்பித்திருந்தார்கள். அதற்குள் முப்பது சொச்சம் கல்லூரிகள். ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். எங்கே போட்டி குறைவு, யார் படிப்பிக்கிறார் என்றெல்லாம் தேடி அனோஜா ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். தகப்பன் ஜெபநேசனும் இணையத்தில் ஒரு நோட்டம் விட்டார். ஆண்டவருடைய பெயரிலேயே ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு மேல் என்ன ஆராய்ச்சி?

"அவரே வாசல்ல நிக்கேக்க நீ பக்கத்து வீட்டுப் படலையையோ தட்டப்போறாய்?"

எதிர்வீட்டுப் பேனாட்டும் அதே விசுவாசத்தோடு மகன் பிரெய்னை அதே வாசலில் நிறுத்தியிருந்தது, சபையில் ஜெப விண்ணப்பம் சொல்லும்போதுதான் வெளியே வந்தது. ஒரே கல்லூரி, ஒரே பாடம், விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். போதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கர்த்தருடைய சித்தம் நிறைவேறட்டும்" என்று எந்தப் பக்கமும் சாயாமல் முடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பேனாட் சபையில் மற்றப் பக்கத்து வாங்கில் போய் இருந்தார்.

டிசம்பரில் நேர்முகம், கணினி வழியே. பிரெய்னுடையது முதல்நாளே முடிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் அனோஜா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இறைச்சித் தொழிற்சாலையில் லீவு போட்டிருந்த ஜெபநேசன், குசினியில் தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்: சங்கிலி ஜெபம். ஸ்கீவ தொடங்கி அல்பர்ட்ஸ்லுண்ட் வரைக்குமான விசுவாசிகள் அத்தனை பேரும் வீடியோவில், ஒரே நேரத்தில், உரத்த சத்தத்தில். அவருடைய கைபேசியில் ஒன்று, மனைவி ஜெபமலருடையதில் ஒன்று, போதாததற்குப் பெரிய தொலைக்காட்சியிலும். "எதிராளியின் கிரியைகளை அழித்துப்போடும்!" என்று அவர் கண்ணை மூடி மன்றாடினார்.

அழிந்தது வீட்டு இணையம்.

அனோஜா மடிக்கணினியோடு வெளியே பாய்ந்து வந்தாள். திரையில் இரண்டு பேராசிரியர்கள் வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார்கள்.

"அப்பா! என்ன செய்யிறீங்கள்?"

ஒரு பிழையை இன்னொரு பிழையால் திருத்துவதில் ஜெபநேசனை வெல்ல ஆளில்லை. ஓடிப்போய் ரௌட்டரின் வயரையே பிடுங்கினார்.

"திருப்பிக் கொழுவினால் வரும் பிள்ளை, ஒரு அஞ்சு நிமிசம்..."

அவள் நிற்கவில்லை. வெறும் காலுறையோடு தெருவைக் கடந்து எதிர்வீட்டு மணியை அடித்தாள். ஜெபநேசன் குசினிச் செருப்போடு பின்னால் ஓடினார். பேனாட் கதவைத் திறந்தார்.

"உள்ள வா பிள்ளை" என்றவர், பின்னால் வந்த உருவத்தைக் கண்டதும், "நீர் வெளியில நில்லும்" என்றார்.

மறுகணம் பிரெய்ன் டேனிஷில் ஏதோ சொல்லித் தகப்பனையும் தோளில் பிடித்து வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான். ஈரப்பனி சரிந்து பெய்தது. இருவருக்கும் ஜாக்கெட் இல்லை.

"என்ர மனிசியும் உந்தச் சங்கிலியில நிண்டவ" என்று பேனாட் பல்லுக்குள் சொன்னார். "எதிராளி எண்டு ஆரைச் சொன்னனீர்?"

"சாத்தானை."

"அவர் இந்தத் தெருவிலயோ இருக்கிறார்?"

"இப்ப பக்கத்தில நிக்கிறார்."

"மெல்லமாய்க் கதையும்! பிள்ளை கணக்குச் செய்யுது."

யன்னலுக்குள்ளே அனோஜா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். இருவரும் குரலைக் குறைத்தார்கள். வசைக்குக் குறைவில்லை.

"நான் திறந்திருக்கப்படாது" என்றார் பேனாட். "என்ர பெடியனுக்குப் போட்டியில ஒரு ஆள் குறைஞ்சிருக்கும்."

"பின்னை ஏன் திறந்தனீர்?"

"மணி அடிச்சது பிள்ளை. நீர் அடிச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

ஜெபநேசன் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். "உம்மட கதவுக்குப் பெயின்ற் அடிக்கவேணும்" என்று வந்தது.

கடைசியில் அனோஜா வெளியே வந்தாள். விட்ட இடத்திலிருந்து மீதி நேரத்தைத் தந்தார்களாம். அதையும் பேனாட்டிடம்தான் சொன்னாள். "தாங்ஸ் அங்கிள்." தகப்பனை ஒரு விளக்குக் கம்பத்தைப் போலக் கடந்து போனாள். வீட்டுக்குள் வந்தபிறகுதான் வாய் திறந்தாள்:

"பதில் வரும்வரைக்கும் இந்த வீட்டில ஒருத்தரும் சத்தமாய் ஜெபிக்கப்படாது."

ஜனவரியில் பதில் வந்தது. அனோஜாவுக்கு இடம் கிடைத்தது. பிரெய்னுக்கு இல்லை. ஜெபநேசன் தெருவில் இறங்கிக் கத்தப் போனார். மகள் கதவை மறித்து நின்றாள்.

"வெளியில ஒரு சொல்லுச் சொன்னீங்கள் எண்டால், நான் இங்க ஓகூஸ் யூனிவர்சிட்டியிலயே படிப்பன்."

அந்தச் சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில் பால் தட்டுக்கு முன்னால் பேனாட் நின்றார். ஜெபநேசன் வண்டிலைத் திருப்பப் பார்த்தார். பிந்திவிட்டது.

"கேள்விப்பட்டன்" என்றார் பேனாட்.

"பிரெய்னுக்கு..."

"என்ர மகனைப் பற்றி நீர் கதையாதையும்."

பாலை எடுத்து வண்டிலில் போட்டார். நாலடி தள்ளிப் போனவர் நின்றார்.

"பிள்ளையிட்டச் சொல்லும், அங்கிளுக்குச் சரியான சந்தோசம் எண்டு."

ஜெபநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பேனாட்..." என்று ஓரடி முன்னால் வைத்தார்.

"உமக்கில்லை" என்றுவிட்டு பேனாட் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்.