எழுந்து நின்ற மண்டபம்

1

இந்தக் கதை ஓர் அழைப்பிதழிலிருந்து பிறந்தது. ஜேர்மனியின் எசன் நகரத்துத் தமிழ்ச் சங்கமொன்று ஸ்ரனிஸ்லாஸ் என்பவருக்கு ‘இசைமாகடல்’ பட்டம் கொடுக்கப்போகிறதாம். காரணமும் அச்சிட்டிருந்தார்கள்: “அகதியாய் வந்த காலத்திலேயே பாடி, ஒரு மண்டபத்தையே எழுந்து நிற்க வைத்தவர்.” கடல் என்று பட்டம் கொடுக்கும்போது நம்மவர்கள் ஆழம் பார்ப்பதில்லை. நான் பார்க்கலாமென்று உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: ரூர் நதியின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், ஒரு மாபெரும் கலைஞனின் ஆன்மா

(வேண்டாம். கலைஞர் அப்போது சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே தொடங்குவோம்.)

2

வெங்காயக் கையோடு ஸ்ரனிஸ்லாஸ் தொலைபேசியை எடுத்தார். சங்கத் தலைவர் ஞானசுந்தரம்.

“ஸ்ரனி அண்ணை, ஒரு புதினம்! நீங்கள் மண்டபத்தை எழுப்பின பாட்டு யூரியூப்பிலை வந்திருக்கு. அண்டைக்கு விடியோ எடுத்த கதிர்காமநாதன் தன்ர பழைய கசெற்றெல்லாம் ஏத்திறார்.”

“நீங்கள் பாத்தனீங்களோ?”

“இல்லை அண்ணை. சனிக்கிழமை பெரிய திரையிலை எல்லாருமாப் பாப்பம். பிறகுதான் பட்டமும் பொன்னாடையும்.”

ஸ்ரனிஸ்லாசுக்கு அந்த இரவில் பாதிதான் ஞாபகம்: தானே மெட்டுப்போட்ட பாட்டு, கண்ணைக் கூசும் வெளிச்சம், வரிசை வரிசையாக எழுந்த சனம். மீதிப் பாதியைக் கலியாண வீடுகளில் சொல்லிச் சொல்லியே சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு கலியாணத்துக்கும் மண்டபத்தில் சில வரிசை நாற்காலிகள் கூடின.

3

கையைத் துடைத்துவிட்டு விடியோவைப் போட்டார். மனைவி புஷ்பமலர் வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

திரையில் ஓர் ஒல்லிப் பொடியன் கீபோர்ட்டுக்குப் பின்னால் நின்றான். முதல் சரணம் பரவாயில்லை. இரண்டாவதில் சொற்கள் மறந்துபோய் ‘லா லா’ என்று சமாளித்தான். அந்த நேரம் பார்த்து கமரா மேடையை விட்டுச் சனத்தின் பக்கம் திரும்பியது.*

* அந்தக் காலத்தில் கமராவோடு ஒரு பெரிய விளக்கும் வரும். கசெற்றின் பிரதி ஊருக்கும் கொழும்புக்கும் போகும். பிள்ளை மெலிந்துவிட்டதா, என்ன சாறி உடுத்திருக்கிறது என்று தாய்மார் அதில்தான் பார்ப்பார்கள். ஆகவே விளக்கு வந்தால் எழுந்து, மடிப்பைச் சரிசெய்து, சிரிக்கவேண்டும். இது யாரும் எழுதிவைக்காத சட்டம்.

விளக்கு முதல் வரிசைக்கு வந்தது, எழுந்தார்கள். அடுத்த வரிசைக்குப் போனது, அவர்களும் எழுந்தார்கள். ஒருவர் கோட்டை விரித்துக் கழுத்து ரையைக் காட்டினார். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக் கமராவுக்கு நீட்டினாள். மேடையை ஒருவரும் பார்க்கவில்லை.

“ஐயோ மலர், சனம் எனக்கு எழும்பேல்லை. கமராவுக்கெல்லோ எழும்பினது!”

“ஓமப்பா.”

“உமக்கு முதலே தெரியுமோ?”

“அங்கை நிண்ட எல்லாருக்கும் தெரியும்.”

“பிறகேன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“நீங்கள் எங்கை கேட்டனீங்கள்? சொல்லிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்.”

4

இந்த இடத்தில் புகழின் நிலையாமை பற்றி ஒரு பத்தி வைத்திருந்தேன். ‘புகழ் என்பது, ஆழ்ந்து நோக்கினால்,

(எடுத்துவிட்டேன். வாசகர் பிழைத்தார்.)

என் ஸ்ரனிஸ்லாஸ் நான் எழுதுகிறபடி நடப்பாரா என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. இவர் உடனே உடைந்து அழுவார் என்று திட்டமிட்டிருந்தேன். அவரோ தன் தலைமயிர் அடர்த்தியைப் பார்க்க விடியோவைப் பின்னால் ஓட்டினார். அப்போதுதான் நாலாவது வரிசை கண்ணில் பட்டது.

வரிசையே நிற்க, ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். விளக்கு முகத்தில் விழுந்தும் திரும்பவில்லை. கன்னத்தில் கையை ஊன்றி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மலர், இது நீரெல்லோ! நீர் ஏன் எழும்பேல்லை?”

“சாறியிலை குழம்பு ஊத்துப்பட்டுப்போச்சு. கொழும்பிலை அம்மா கசெற்றைப் பாத்தா ஏசுவா.”

“சரி, ஏன் என்னைப் பாத்துக்கொண்டிருந்தனீர்?”

“பாட்டை மறந்துபோட்டு முழிக்கிற ஆளை விட்டிட்டு வேறை எங்கை பாக்கிறது?”

ஸ்ரனிஸ்லாஸ் படத்தைப் பெருப்பித்துக் கறையைத் தேடினார். சின்னச் சின்னச் சதுரங்கள்தான் தெரிந்தன. புஷ்பமலர் வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) தொண்டை சரியில்லை, டொக்டரிடம் ரெர்மின், அதாவது குறித்த நேரம், இருக்கிறது என்று சொல்லி ஸ்ரனிஸ்லாஸ் விழாவுக்கே போகவில்லை. (கோழைத்தனம். அவருடையதல்ல, என்னுடையது.)

ஆ) விடியோவைப் போடவேண்டாம் என்று கெஞ்சிக் கடலாகிறார். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அதனால்தான் நம்மிடையே இத்தனை கடல்கள்.

இ) மூன்றாவதை எழுதுவதற்குள் அவரே ஞானசுந்தரத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

“தம்பி, விடியோவைக் கட்டாயம் போடுங்கோ. சனம் எனக்கு எழும்பேல்லை எண்டும் சொல்லிப்போடுங்கோ. நாலாவது வரிசை வரேக்கை மட்டும் ஒருக்கா நிப்பாட்டுங்கோ.”

“அண்ணை! அப்ப பட்டம்?”

“அதை வேறை ஆருக்கெண்டாலும் குடுங்கோ. அந்த வரிசையிலைதான் என்ர ரசிகர் கூட்டம் இருக்குது.”

“இஞ்சாருங்கோ, ஊர் முழுக்கக் கறையைக் காட்டப்போறியளோ?” என்றாள் புஷ்பமலர். கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் அப்போது அரிந்து முடிந்திருந்தது.

சனிக்கிழமை நான் போகப்போவதில்லை. அந்தச் சாறியில் கறை உண்டா இல்லையா என்பதைத் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்க்க விரும்புகிறவர் நீங்களென்றால், பாருங்கள். எனக்கு மட்டும் சொல்லாதீர்கள்.