உப்புச் சுவரில் இரண்டு கைகள்

உப்பு ஊறுகிற சுவரில் வெண்சாந்து நிற்காது என்று முதல் நாளே சொன்னேன். யார் கேட்டார்கள்? பாலைவன ஓரத்து எங்கள் வலாத்தா ஊரில் சுவருக்கு வண்ணம் இடும் பெண்களில் இந்த இஸ்ஸாவின் கையை மிஞ்ச ஆளில்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. ஆனால் உப்பு வியாபாரி யத்தார் தன் முற்றத்து வாசலை அலங்கரிக்க என்னைக் கூப்பிடவில்லை. பாலைவனத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு மாத வழித் தூரத்திலிருக்கும் திலிம்சானிலிருந்து வஸ்மார் என்ற இளைஞனை வரவழைத்தார். சாந்து காய்வதற்குள் உளியால் நட்சத்திரம் செதுக்குகிறவன் அவன்.

வேடிக்கை பார்க்கிற சாக்கில் போனேன். நூலும் கவராயமும் வைத்துப் பன்னிரண்டு முனை நட்சத்திரம் ஒன்றை இழுத்தான். எந்தக் கோடு எங்கே தொடங்கியது என்று என் கண்ணுக்கே பிடிபடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இது நின்றுவிட்டால் தெருவிலுள்ள வியாபாரிகள் எல்லாரும் வெண்சாந்துதான் கேட்பார்கள். நான் செம்மண்ணைக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான்.

பதினோராம் நாள் சாந்து பொத்துப் பொத்தென்று விழுந்தது. சுவருக்குப் பின்பக்கம் யத்தாரின் கிடங்கு. உப்புப் பாளங்களைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து வைத்திருந்தார்.

"உப்பை நகத்துங்கண்ணே," என்றேன்.

"விலை ஏறுற வரைக்கும் ஒரு பாளம் நகராது. நீ வேணா நகந்துக்கோ."

வஸ்மார் உடைந்த நட்சத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிரிக்கத்தான் போயிருந்தேன். அவ்வளவு அழகான ஒன்று தூளாகிக் கிடப்பதைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"எந்திரி. கோடு நீ போடு, பூசுறது நான்."

"தூரிகை எங்கக்கா?"

"பத்து விரலைப் படைச்சது எதுக்கு? கம்பங்கூழ் வழிச்சு நக்க மட்டுமா?"

சாணமும் களிமண்ணும் குழைத்து அடிப்பூச்சு போட்டேன். உப்பு வியர்த்தாலும் அது தாங்கும். அவன் கவராயத்தால் கீற, நான் பிசின் கலந்த செம்மண்ணை விரலால் இழுத்தேன். என் விரலுக்குக் கூர்முனை வராது. அவனுடைய பன்னிரண்டு முனைகளும் என் கையில் தர்ப்பூசணிக் கொடிபோலச் சுருண்டுகொண்டன.

"ஐயோ, முனை போச்சே!" என்று முதல் நாள் அலறினான். மூன்றாம் நாள் அவனே வளைத்துக் கீறினான். நான் பார்க்காதது மாதிரி இருந்துகொண்டேன்.

வேலை முடிந்ததும் ஊர் வழக்கப்படி வாசல் நிலைக்குப் பக்கத்தில், ஈர மண்ணில் உள்ளங்கையைப் பதித்தேன். கை பதித்தவள்தான் ஆண்டுதோறும் மழைக்குப் பின் அந்தச் சுவரைப் புதுப்பிக்கலாம். வேறு யாரும் தொடக்கூடாது. நான் கை கழுவித் திரும்புவதற்குள், சந்தோஷம் தாங்காமல் வஸ்மாரும் பக்கத்தில் தன் கையைப் பதித்துவிட்டான்.

யத்தார் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! ரெண்டு கை பதிஞ்சா ரெண்டு பேரும் சேந்து வந்தாதான் தொடலாம். வருஷா வருஷம் திலிம்சான்லேர்ந்து வருவியா?"

அவன் முகம் வெளிறியது. "எனக்குத் தெரியாதேக்கா. அழிச்சிரட்டுமா?"

"பதிச்ச கையை அழிக்கக் கூடாதுடா. மழை முடிஞ்சதும் வந்து சேரு."

"வராட்டி?"

"குளிர் தொடங்குனதும் என் உரிமையும் சேந்து போயிரும். வேற எவளாவது மொத்தத்தையும் மெழுகிட்டுப் புதுசாப் போடுவா."

அவன் கவராயத்தைத் துணியில் சுற்றினான். மறுவாரம் ஒட்டகக் கூட்டத்தோடு வடக்கே போய்விட்டான்.

அந்த வருடம் மழை சும்மா விடவில்லை. மேல் வரிசைச் சுருள்கள் கரைந்து வழிந்தன. நான் பிறந்ததிலிருந்து போட்ட சுவர்களில் எனக்கு அதுதான் பிடித்த சுவர். கையெட்டும் தூரத்தில் நின்றும் அதைத் தொட முடியவில்லை. வடக்கிலிருந்து முதல் ஒட்டகக் கூட்டம் வந்தது, அவன் இல்லை. இரண்டாவது கூட்டத்திலும் இல்லை.

கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்: "வடக்கத்தியானுக்குக் கனவுல உன் சுவருதான் வருதாக்கும்?"

"வரும். அவனும் வருவான்," என்றேன். "முனையை வளைக்கப் பழகின கை, பாதியில விடாது."

பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் வீட்டுக்குப் போய் மண்ணை ஊறப்போட்டேன்.

குளிர் தொடங்க இன்னும் இரண்டே நாள். கடைசிக் கூட்டம் ஊருக்குள் நுழைந்தது. முற்றத்தில் யத்தார் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சுவரைப் பற்றிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். உதடு வெடித்து, தாடியெல்லாம் மணலாக ஒருவன் உள்ளே வந்தான். வஸ்மார்தான்.

யத்தார் அவன் மூட்டையைத் துழாவினார். "வெண்சாந்து எங்கடா? உளி எங்க?"

"எதுக்கு? எங்கூர்லயே நாலு வாசலுக்கு அக்காவோட சுருளைத்தான் போட்டேன். விரலாலதான்." நேரே சுவரிடம் போய், கரைந்த இடத்தைத் தடவினான். "உப்பை இன்னும் நகத்தலையா இவரு?"

பிறகு என் பக்கம் திரும்பினான். "மண்ணு ஊறிருச்சாக்கா?"

வருவான் வருவான் என்று ஊரெல்லாம் அடித்துச் சொன்ன நான், அப்போதுதான் தேம்பி அழுதேன். அழுதுகொண்டே போய் மண் சட்டியைத் தூக்கிவந்து அவன் முன்னால் வைத்தேன்.